இரண்டு பல் கூடுதல்

ஐம்பது தாண்டிய ஆண்கள் நான்கு பேர் ஒரு சைக்கிளின் பின்சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, சாப்பிடுகிற குச்சியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாக எண்ணுவதை நீங்கள் பார்த்ததில்லை என்றால் புண்ணியம் செய்தவர்கள். நான் பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறேன். என் கடை வாசலில்தான் நடக்கிறது. குச்சியும் என்னுடையதுதான்.

குராகரி கணவாய்க்கு ஏறுகிற சாலை தொடங்கும் முக்கில் என் கடை. இரும்புக் கல்லில் முட்டைக்கோஸ் அடை சுட்டுப் போடுகிறேன். ஒசாகாவில் இதைச் சுடத் தெரியாத வீடு கிடையாது. ஆனாலும் ஜனங்கள் கடைக்கு வந்துதான் தின்பார்கள், வம்பளக்க ஆள் வேண்டுமே.

ஏற்றம் இரண்டரை கிலோமீட்டர்தான். ஆனால் அது சாலையே இல்லை, சுவரைச் சாய்த்து வைத்தது. கார் வழுக்காமல் இருக்க கான்கிரீட்டில் வட்ட வட்டமாகக் குழி போட்டிருக்கிறார்கள். வெறுங்கையோடு நடந்து போனாலே பாதியில் உட்காரத் தோன்றும். அதில் ஒரு தடவைகூடக் காலைக் கீழே ஊன்றாமல் சைக்கிளில் ஏறிவிட வேண்டுமாம். ஏறினவர் பெயரை ஒரு மரச்சீட்டில் எழுதி என் கடைச் சுவரில் இருக்கிற பலகையில் மாட்டுவார்கள். பெயருக்குக் கீழே ஒரு எண். அது பல் கணக்கு.

இந்தப் பல் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பின்சக்கரத்தில் பல்சக்கரங்கள் அடுக்காக இருக்கும். ஏற்றத்துக்கு உதவுவது அதில் பெரியது. பல் கூடினால் மிதிப்பது லேசாகும், வண்டி மெதுவாகப் போகும். பல் குறைந்தால் முட்டி கழன்று கையில் வரும். மூளை உள்ளவன் என்ன செய்வான்? கூடுதலாகப் பல் போட்டுக்கொண்டு நிம்மதியாக ஏறுவான். இந்த மகாராஜாக்கள் அப்படி ஏறுகிறவனைப் பார்த்து "குமரிப் பல்" என்று சிரிப்பார்கள். குமரிப் பெண்களுக்கானதாம். இதே சாலையில் பேட்டரி சைக்கிளில் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு ஒரு தாய் இவர்களைத் தாண்டிப் போவாள். அப்போது மட்டும் எல்லாரும் குனிந்து செயினைப் பார்ப்பார்கள்.

இவர்கள் வைத்திருக்கிற சைக்கிள் கிளப்புக்குத் தலைவர் இவாகுரா. கூரை ஓடு வியாபாரம். தலைவர் ஆனதும் அவர் செய்த ஒரே காரியம் ஒரு சட்டம் போட்டது. இருபத்தெட்டுப் பல்லுக்கு மேல் போட்டு ஏறினால் சீட்டு கிடையாது. அவருடைய சீட்டில் இருபத்தேழு. அது அவர் தொப்பை பிறப்பதற்கு முந்திய காலம்.

பலகையில் எல்லாவற்றுக்கும் மேலே தொங்கிய சீட்டில் எண் இருபத்தைந்து. பெயர் கட்சுமி. அந்த மனுஷன் என் வீட்டுக்காரர்.

உண்மையான எண் முப்பத்திரண்டு.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் முன்னால் மிதித்துக்கொண்டு போக, நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். சாட்சி இல்லாமல் ஏறினால் செல்லாது, கிளப்பில் ஸ்கூட்டர் உள்ளவள் நான் ஒருத்திதான். கால் ஊன்றாமல்தான் ஏறினார், அதில் பொய் இல்லை. இறங்கி வந்ததும் கடைக்குப் பின்னால் போய், முப்பத்திரண்டு போட்ட சக்கரத்தைக் கழற்றிவிட்டு வீட்டில் கிடந்த இன்னொரு சக்கரத்தை மாட்டினார். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சக்கரம் சமதளத்தில் ஓட்ட வாங்கியது, அதில் இருபத்தைந்துதான் இருந்தது. பொய் சொல்லத் துணிந்த மனுஷனுக்கு அளவாகச் சொல்லக்கூடத் துப்பில்லை. இருபத்தெட்டு போதும் என்கிற இடத்தில் இருபத்தைந்தோடு போய் நின்றார்.

இவாகுரா குச்சியை வைத்து எண்ணி முடித்துவிட்டு வாயைப் பிளந்தார். என்னைப் பார்த்து, "காலு கீழ பட்டுச்சாம்மா?" என்றார்.

"படல" என்றேன்.

பல்லைப் பற்றி என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு அது தமாஷாக இருந்தது. மூன்று முட்டாள்கள் ஒரு முட்டாளைத் தூக்கி வைத்து ஆடுகிறார்கள், ஆடட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷம் முன்னால் கிளப்பில் சயோ வந்து சேர்ந்தாள். முப்பத்து நான்கு வயது. மலையடிவாரச் சந்துகளில் தனியாக இருக்கிற கிழவர் கிழவிகளின் வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டி, சோறு கொடுத்து, துணி மாற்றிவிடுகிற வேலை. ஒரு நாளைக்கு எட்டு வீடு. வாய் நீளம், ஆனால் மனசில் விஷம் கிடையாது. எனக்கு அவளைப் பிடிக்கும்.

போன வருஷம் இலையுதிர்காலத்தில் ஏறினாள். முப்பத்திரண்டு பல். நான்தான் சாட்சி. ஒரு இடத்தில்கூடக் கால் படவில்லை. கடைக்கு வந்து சிரித்துக்கொண்டே நின்றாள். இவாகுரா எண்ணிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"முப்பத்திரண்டா? குமரிப் பல்லும்மா இது."

"நான் குமரிதானே தலைவரே, நான் போடாம வேற யாரு போடுவா?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சீட்டு மட்டும் கொடுக்கவில்லை. சட்டமாம். ஊரையே ஆளுகிற மாதிரி ஒரு சட்டம்.

சயோ பலகையை அண்ணாந்து பார்த்தாள். "கட்சுமி அண்ணன் என் உயரம்தான் இருக்காரு. எடையும் கிட்டத்தட்ட அதே. அவரு இருபத்தஞ்சுல ஏறிருக்காருன்னா, நான் இருபத்தெட்டுல ஏற முடியாதா?"

கட்சுமி குளிர்பெட்டியைத் திறந்து, எடுக்க எதுவும் இல்லாமல், அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிலிருந்து பிடித்தது சனி. இருபத்தெட்டை மாட்டிக்கொண்டு மூன்று மாதத்தில் மூன்று தடவை முயன்றாள். மூன்று தடவையும், ஏற்றத்திலேயே ரொம்பச் செங்குத்தான பெரிய வளைவில் கால் ஊன்றினாள். ஒவ்வொரு தடவையும் வலது முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கி வந்தாள். பிறகு முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு வந்தாள். பிறகு ஒரு நாள், படி இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி இறங்கினாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்றேன்.

"உள்ள சவ்வு தேயுதாம். இப்படியே மிதிச்சா, மண்டி போடவே முடியாமப் போயிடுமாம்."

"உன் பொழப்பே மண்டி போட்டுத்தானே ஓடுது, பைத்தியக்காரி!"

"தெரியும்கா. தொட்டிக்குப் பக்கத்துல மண்டி போடாம எப்படிக் குளிப்பாட்டுறது? கம்பெனில சொல்லிட்டாங்க, முடியலன்னா வேற ஆளப் பாத்துக்குவோம்னு." முட்டிப் பட்டையை இழுத்துச் சரிசெய்தாள். "ஒரே ஒரு ஞாயித்துக்கிழமதான்க்கா. இந்தத் தடவை ஏறிட்டேன்னா அதோட விட்டுடறேன். கட்சுமி அண்ணன் ஏறுன மலதான அது? அவருக்கு மட்டும் என்ன இரும்பு முட்டியா?"

அன்று கடையைப் பெருக்கிக்கொண்டே வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீங்க போய் உண்மையச் சொல்லிடுங்க. முப்பத்திரண்டுன்னு. உங்களப் பாத்துத்தான் அந்தப் பொண்ணு முட்டியக் கெடுத்துக்குது."

"நானா மிதிக்கச் சொன்னேன்?"

"நீங்க சொல்ல வேண்டாம். அந்தச் சீட்டு சொல்லுதே."

"பதினாறு வருஷம் ஆச்சு கினுயே. இப்பப் போய்ச் சொன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்களோட உக்காருவேன்?"

"அதுக்கு அந்தப் பொண்ணு நொண்டியாப் போகணுமா?"

மனுஷன் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவளிடம் நேரே போய்ச் சொல்ல எனக்கும் வாய் இருந்தது. போகவில்லை. அவர் சொல்வதுதான் முறை, அவரே சொல்லட்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சயோ வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள், பிரேக் கட்டையை மாற்றித் தரச் சொல்லி. கடைக்குப் பின்னால் அவர் திருகாணி செய்கிற பட்டறை. சாயங்காலம் டீ கொண்டுபோனேன். மனுஷன் பின்சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே சயோவின் பல்லடுக்கு தனியாகக் கிடந்தது.

"என்ன பண்றீங்க?"

"சத்தம் போடாத. முப்பது போட்டு விடறேன்."

"என்னது?"

"ரெண்டே ரெண்டு பல்லு. கண்ணால பாத்தாத் தெரியாது. முட்டிக்குக் கொஞ்சம் இதமா இருக்கும், ஏறிடுவா. எறங்கி வந்ததும், பிரேக் சரியா இருக்கான்னு பாக்கணும்னு சொல்லி வண்டியப் பின்னால தள்ளிட்டு வந்து இருபத்தெட்ட மாட்டிடுவேன். அப்புறம் தலைவரு எண்ணிக்கட்டும். அவளுக்குச் சீட்டும் கெடைச்ச மாதிரி, முட்டியும் பொழச்ச மாதிரி."

தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு வாக்கியம் சொன்னால் தீர்கிற விஷயத்துக்கு இந்த மனுஷன் ஒரு சக்கரத்தையே பிரித்துப் போட்டிருக்கிறார். ஆம்பிளை மானம் இருக்கிறதே, அது இருக்கிற வீட்டில் வேறு எதற்கும் இடம் இருக்காது.

"அதுக்குத் தெரியாம அது வண்டில கை வெக்கலாமா?" என்று கேட்டேன்.

"நல்லதுக்குத்தானே."

டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டாவது தடவையாக வாயை மூடிக்கொண்டேன். முட்டி தப்பித்தால் சரி என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினாள். நான் ஸ்கூட்டரில் பின்னால். வீடுகளைத் தாண்டி, மரங்களுக்குள் நுழைந்ததும் சாலை நிமிர்ந்துகொண்டது. சயோ எழுந்து நின்று மிதித்தாள், உட்கார்ந்து மிதித்தாள், முன்சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்த்தபோது மார்பைக் கைப்பிடியோடு ஒட்டி அழுத்தினாள். ஸ்கூட்டரே முனகியது. நடந்து போகிறவனை விட மெதுவாகத்தான் போனோம்.

பெரிய வளைவில் இவாகுராவும் மற்ற இருவரும் வேலி ஓரமாக நின்றிருந்தார்கள். கார் டிக்கியில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு மேலே போய் அங்கே நிறுத்தியிருந்தார்கள். அதையும் பெருமையாகத்தான் சொன்னார்கள்.

"ஏறு ஏறு ஏறு!" என்று கத்தினார் இவாகுரா. "கால வெச்சுடாத! இன்னும் பத்தடிதான்!"

வளைவின் உள்பக்கத்தை விட்டு வெளிப்பக்கமாக எடுத்தாள். வண்டி ஒரு கணம் நின்றே விட்டது. நான் பிரேக்கைப் பிடித்தேன். பிறகு ஒரு மிதி விழுந்தது. இன்னொரு மிதி. தாண்டிவிட்டாள்.

உச்சியில் கற்கள் பாவிய இடத்தில், டீக்கடைக்கு முன்னால் வண்டியோடு சரிந்து உட்கார்ந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"அக்கா! காலு என் காலு மாதிரியே இல்லக்கா! அந்த வளைவுல, நான் மிதிக்கிறேன், அது போவுது! மூணு மாசம் பட்டதுக்கு இப்பதான்... வலியும் அவ்வளவா இல்ல பாருங்க!"

முட்டியை மடக்கி நீட்டிக் காட்டினாள். அவள் முகத்தை நேரே பார்க்க முடியவில்லை. அங்கேயே சொல்லியிருக்கலாம். "நல்லா ஏறின" என்று மட்டும் சொன்னேன். 

இறங்குகிற வழி முழுக்க உரக்கப் பாடிக்கொண்டே வந்தாள். தாளம் தப்பித் தப்பி, பிரேக் கீச்சிடக் கீச்சிட.

கடை வாசலில் எங்களுக்கு முன்னாலேயே இவாகுரா வந்து நின்றிருந்தார், கையில் குச்சி, காதில் பென்சில். வெற்றுச் சீட்டு ஒன்றையும் மேசைமேல் எடுத்து வைத்திருந்தார். சயோ வண்டியை அவருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். கட்சுமி பட்டறையிலிருந்து ஓடி வந்தார்.

"பிரேக்கு... பிரேக்கு சத்தம் போடுது. பின்னால கொண்டா, பாத்துடறேன்."

"இருய்யா, பிரேக்கு எங்க ஓடிப் போவுது?" என்றார் இவாகுரா. "மொதல்ல எண்ணிடுவோம்."

"சூடா இருக்கும்..."

"பல்லுக்கு என்னய்யா சூடு?"

குந்தி உட்கார்ந்தார்கள். நான் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்துக் கல்லில் அடை ஊற்றினேன். ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, குச்சியை வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார் இவாகுரா. மற்றவர்கள் கூடவே முணுமுணுத்தார்கள். இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு. கோடு இன்னும் வரவில்லை. இருபத்தொன்பது. முப்பது.

இன்னொரு தடவை எண்ணினார்கள். முப்பது. மூன்றாவது தடவை, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணினார்கள்.

"முப்பது" என்று எழுந்தார் இவாகுரா. சீட்டை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "ஏம்மா, எங்களப் பாத்தா உனக்கு எப்படித் தெரியுது?"

"இல்ல தலைவரே, நான் இருபத்தெட்டுதான் மாட்டிருந்தேன். நீங்களே போன வாரம் எண்ணிப் பாத்தீங்களே!"

"அப்ப ராத்திரியோட ராத்திரியா ரெண்டு பல்லு மொளச்சுதா?"

ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "கேட்டுருந்தா சட்டத்தக் கொஞ்சம் தளத்திருப்போம், இப்படித் திருட்டுத்தனம் எதுக்கு?" என்றார். குமரி என்றும் என்னவோ சொன்னார்கள், எனக்கு முழுக்கக் கேட்கவில்லை.

சயோவுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. வண்டியைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள். பிறகு என் வீட்டுக்காரரிடம் திரும்பினாள். அந்தப் பார்வையில் சந்தேகமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"அண்ணே, வண்டி உங்ககிட்டதான இருந்துச்சு. நான் எதையும் மாத்தலன்னு சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா நம்புவாங்க."

கட்சுமி திருதிருவென்று விழித்தார். 

"நான்... பிரேக் கட்டைய மட்டும்தாம்மா மாத்தினேன்."

முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். எத்தனையோ தடவை இந்த மனுஷனைத் திட்டியிருக்கிறேன், கேலி செய்திருக்கிறேன். வெட்கப்பட்டதில்லை. அன்றைக்கு வெட்கமாக இருந்தது. கையிலிருந்த தோசைக்கரண்டியைக் கல்லின் மேல் ஓங்கி அடித்தேன். எல்லாரும் திரும்பினார்கள்.

"முப்பது போட்டது இவருதான். நேத்து சாயங்காலம். என் கண்ணால பாத்தேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது."

"கினுயே!" என்றார் அவர்.

"வாய மூடுங்க. இன்னொண்ணும் கேட்டுக்கோங்க தலைவரே. மேல தொங்குதே இருபத்தஞ்சு, அது முப்பத்திரண்டு. ஏறிட்டு வந்து சக்கரத்த மாத்தினாரு. வண்டியப் பிடிச்சுக்கிட்டு நின்னவ நான். பதினாறு வருஷமா ஒரு குமரிப் பல்லத்தான் நீங்க எல்லாரும் தலையில தூக்கி வெச்சு ஆடுனீங்க."

 கல்லில் அடை கருகுகிற வாசனை வந்தது. இவாகுரா பலகையைப் பார்த்தார், கட்சுமியைப் பார்த்தார். கட்சுமி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இவாகுரா சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தார். இந்தக் கூட்டத்துக்கு ஒரு திறமை உண்டு, மானம் போன அடுத்த நிமிஷமே சட்டத்தைத் திருத்திவிடுவார்கள்.

"சரி சரி, ஆனது ஆச்சு. சட்டத்த முப்பதாக்கிடுவோம். சயோவுக்கு இன்னிக்கே சீட்டு. என்னப்பா சொல்றீங்க?"

"ஆமாமா, முப்பதுன்னா சரிதான்" என்றார்கள் மற்ற இருவரும்.

"எனக்கு வேண்டாம்" என்றாள் சயோ.

"ஏம்மா? அதுக்குத்தான இவ்வளவு பாடுபட்ட?"

"இன்னிக்கு ஏறுனது நான் இல்ல தலைவரே. என் காலுன்னு நெனச்சு மலை பூரா பாடிக்கிட்டு வந்தேன்." பலகையைக் காட்டினாள். "போன வருஷம் முப்பத்திரண்டுல ஏறினேன். அது மட்டும்தான் என்னோடது. அத நீங்க வேண்டாம்னுட்டீங்க."

இவாகுரா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கட்சுமி முன்னால் வந்து, "சயோ, உன் முட்டிக்குத்தாம்மா... நல்லதுக்குன்னுதான்..." என்று ஆரம்பித்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. கடைக்குள் வந்து என் கல்லுக்கு எதிரே நின்றாள். நான் அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றி சொல்லப் போகிறாள் என்றுகூட நினைத்தேன்.

"அவர விடுங்க" என்றாள் மெதுவாக. "பயந்த மனுஷன். நீங்க யாருக்கும் பயப்படாதவங்களாச்சே. மூணு மாசமா நான் இங்க நொண்டி நொண்டி வந்து உக்காந்தேனே, உங்களுக்குத் தெரியும்தானக்கா?"

இத்தனை வருஷமாக எல்லாருக்கும் பதில் கொடுத்த வாய். அதில் ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

"தெரியும்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். வண்டியை எடுத்துக்கொண்டு, ஏறாமல், கையால் தள்ளிக்கொண்டே சந்தில் இறங்கிப் போனாள். வலது காலைச் சற்றே இழுத்துத்தான் நடந்தாள். கடைக்குள் அவர்கள் எண் சரியா தப்பா என்று மறுபடியும் பேச ஆரம்பித்திருந்தார்கள். நான்கு பேரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தேன்.